வைத்தியர் உரையும் நோயாளர் துணிபும்

மருத்துவத்தின் வரலாறு பெரும்பாலும் மருந்துகளின் வரலாறாகவும் அவற்றைக் கண்டோரின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்திருக்கின்றது. மருந்தை உண்டவர், கத்திக்கு உடம்பைக் கொடுத்தவர், 'செய்க' என ஒப்பியவர், 'வேண்டா' என மறுத்தவர் ஆகியோரின் வரலாறு அருகியே காணப்படும். திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுவோன் என நான்கு கூறாகப் பகுக்கும்போது நோயாளியையே முதற்கண் வைத்தது. அவ்வாறு முதலில் வைக்கப்பட்டவன் எதனைக் கொண்டு வைத்தியர் சொல்லை நம்புகின்றான், எதனைக் கொண்டு நம்ப மறுக்கின்றான் என ஆராய்தல் வரலாற்று மாணாக்கர்க்கும் உரிய பணியே. பிற நோய்களில் இவ்வினா பெரிதாக எழுவதில்லை. புற்றுநோயிலோ உயிர் போவதும் நிற்பதும் இவ்வினாவின் விடையைப் பொறுத்தனவாகின்றன.

முல்லைத்தீவு மாவட்டத்தின் மேற்புறத்தே, மாங்குளத்திலிருந்து வெள்ளாங்குளம் நோக்கிச் செல்லும் வீதியை அண்டிக் கிடப்பது துணுக்காய். வவுனிக்குளத்தை நம்பி வயல் செய்யும் மக்கள் வாழும் பகுதி அது. வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் நெடுநாள் மென்ற ஒரு கமக்காரரின் கன்னத்தின் உட்புறத்தே ஆறாத புண் ஒன்று தோன்றுகின்றது எனக் கொள்வோம். மல்லாவி வைத்தியசாலையிற் காட்டுகின்றார்; அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்படுகின்றார். கன்னத்தையும் தாடையின் ஒரு பகுதியையும் வெட்டி அகற்றவேண்டும் என்றும், அதன்பின் கதிர்வீச்சுச் சிகிச்சை பெறவேண்டும் என்றும் அங்குள்ள வைத்தியர் கூறுகின்றார். வீட்டிலே ஒருவர், கத்தி பட்டாற் புற்றுப் பரவும் என்பார். இன்னொருவர் பரிகாரியாரிடம் போவோம் என்பார். மற்றொருவர், டாக்டர் சொன்னால் மறுபேச்சு என்ன என்பார். முடிவு செய்வதற்குள்ள காலமோ சில நாள்களே. இந்த இக்கட்டிலே வரலாறு கூறக்கூடிய அறிவுரை யாது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கண்ணாற் கண்ட நம்பிக்கை

வன்னி மக்கள் மேனாட்டு வைத்தியத்தை நம்பத் தொடங்கிய வரலாறு இரண்டு நோய்களோடு பிணைந்தது. ஒன்று பறங்கி நோய். மற்றது மலேரியாக் காய்ச்சல். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே உடலெங்கும் புண்களை உண்டாக்கி, எலும்பையும் அரித்து, ஊரூராக மக்களை முடமாக்கியது பறங்கி. இலங்கையின் தலைமைச் சிவில் வைத்திய அதிகாரியாக இருந்த கின்சி என்பார் 1881ஆம் ஆண்டில் அந்நோய் பற்றித் தனி அறிக்கையொன்று வெளியிட நேர்ந்தமை அதன் கொடுமைக்குச் சான்றாகும். 1910ஆம் ஆண்டின்பின் சல்வர்சன் முதலிய ஊசிமருந்துகள் வந்தன. பின்னர்ப் பென்சிலின் வந்தது. ஆண்டுக்கணக்காக ஆறாதிருந்த புண்கள் சில கிழமைகளில் ஆறின. மலேரியாவின் கதையும் இத்தகையதே. கொய்னா மருந்தினாற் காய்ச்சல் தணிந்தது. 1940களின் பிற்பகுதியில் டி.டி.ரி. தெளிக்கப்பட்டபின் நாடெங்கும் காய்ச்சல் குறைந்து, 1963ஆம் ஆண்டில் இலங்கை முழுவதிலும் பதினேழு பேர்க்கே அந்நோய் காணப்பட்டது. இடையிலே மீண்டும் தலைதூக்கியதாயினும், 2016ஆம் ஆண்டில் இலங்கை மலேரியா அற்ற நாடென உலகச் சுகாதார நிறுவனத்தாற் சான்று வழங்கப்பெற்றது.

இவ்விரு நோய்களும் மக்கள் மனத்திலே ஓர் அளவுகோலை நாட்டின. நல்ல மருந்து என்பது உண்டவுடன் வேலை செய்வது; நல்ல வைத்தியர் என்பவர் கைபட்டவுடன் நோய் தணியச் செய்பவர். இந்த அளவுகோல் பிழையானதன்று. புண்ணுக்கும் காய்ச்சலுக்கும் அது போதும். ஆயின் புற்றுநோய் இதனை முற்றாகத் தலைகீழாக்கிவிடுகின்றது. தொடக்க நிலையிலே நோயாளிக்கு வலியில்லை. உண்கின்றார், உறங்குகின்றார், வயலுக்கும் போகின்றார். சிகிச்சை தொடங்கியபின்னரே மயிர் உதிர்கின்றது; வாய் புண்ணாகின்றது; உணவு கசக்கின்றது. நோய் நோகாமல் இருக்க மருந்தே நோகச் செய்கின்றது. சிகிச்சை பயன்பட்டதா என்பதோ ஐந்தாண்டு, பத்தாண்டு கழித்தே தெரியும். அப்போதும் அச்சிகிச்சையின்றியே இவர் பிழைத்திருப்பாரா என்பதை ஒரு தனி மனிதரைப் பார்த்து எவராலும் கூற இயலாது. பலநூறு பேரை ஒப்பிட்டு எண்ணிப் பார்த்தே அறியவேண்டும். எனவே, கண்ணாற் கண்டு பிறந்த பழைய நம்பிக்கை புற்றுநோயின் வாயிலிலே செயலற்று நிற்கின்றது. அவ்விடத்து வேறொரு நம்பிக்கை வேண்டப்படுகின்றது.

விளங்கக் கூறிய வைத்தியர்

அந்த வேறொரு நம்பிக்கைக்கு வித்திட்ட ஒருவர் யாழ்ப்பாணத்திலேயே வாழ்ந்திருக்கின்றார். அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்திலுள்ள வூஸ்ரரில் 1822ஆம் ஆண்டிற் பிறந்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 1847ஆம் ஆண்டில் அமெரிக்க மிசனைச் சேர்ந்தவராக இலங்கை வந்து, மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தி, மாணாக்கர்க்கு மேனாட்டு வைத்தியம் கற்பித்தார். தொடக்கத்திலே ஆங்கிலத்திற் கற்பித்த அவர், 1860களிலே தமிழிற் கற்பிக்கத் துணிந்தார். அறுபதின் மேற்பட்டோர் அவரிடம் பயின்று வைத்தியராயினர். 'அங்காதிபாதம்', 'பிரசவ வைத்தியம்', 'இரண வைத்தியம்', 'வைத்தியாகரம்' முதலிய நூல்கள் அவரும் அவர்தம் மாணாக்கரும் செய்த முயற்சியால் தமிழில் வெளிவந்தன. ஆங்கிலச் சொல்லுக்கு முதலிலே தமிழ்ச் சொல் தேடுவது, அது கிடையாவிடின் வடசொல் நாடுவது, அதுவும் பொருந்தாவிடின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலியில் எழுதுவது என்னும் ஒழுங்கை அவர் கைக்கொண்டார்.

அவர் சமயப் பணியை முன்னிட்டு வந்தவர் என்பதும், நாட்டு வைத்தியத்தின்மீது அவர் கொண்ட மதிப்பீடு கடுமையானது என்பதும் மறுக்கற்பாலன அல்ல. செகராசசேகரம், பரராசசேகரம் எனத் தமிழரசர் பெயரால் வழங்கும் வைத்திய நூல்களை உடைய ஒரு நாட்டிலே அக்கடுமை பலர்க்கு உவப்பாக இருந்திராது. ஆயினும் அவர் செய்த பணியின் உட்பொருள் வேறு. உடம்பினுள் என்ன இருக்கின்றது, எது பழுதுபட்டது, கத்தி எதற்காக எடுக்கப்படுகின்றது என்பவற்றை நோயாளியின் மொழியிலேயே கூறமுடியும் என்பதை அவர் செய்து காட்டினார். 'நான் சொல்வதை நம்பு' என்பதற்கும் 'நான் சொல்வதை விளங்கிக்கொள்' என்பதற்கும் இடையேயுள்ள தூரம் பெரிது. அவர் 1873ஆம் ஆண்டில் நாடு திரும்பியபின் தமிழ்வழி வைத்தியக் கல்வி நிலைக்கவில்லை. ஆங்கிலமே வைத்தியத்தின் மொழியாயிற்று. 1884ஆம் ஆண்டில் மறைந்த அவரின் கல்லறையிலே, தமிழர்க்கு வைத்திய ஊழியராக இருந்தமையே அவர்தம் விருப்பப்படி பொறிக்கப்பட்டுள்ளது. அவர் விட்டுச்சென்ற வினாவோ இன்றும் உளது: தன் மொழியில் விளக்கப்படாத ஒரு சிகிச்சைக்கு ஒருவர் தரும் ஒப்புதல் ஒப்புதலாகுமா?

விளங்கக் கூறுவது மட்டும் போதுமோ எனின், போதாது. வைத்தியர் விளங்கக் கூறுவதும் பிழையாக இருக்கலாம். அதற்குரிய பெரிய எடுத்துக்காட்டு கிறீன் பிறந்த அமெரிக்க நாட்டிலேயே நிகழ்ந்தது.

ஒரு விதி ஆண்ட காலம்

அமெரிக்காவின் பால்ரிமோர் நகரிலே ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையிற் பணியாற்றிய வில்லியம் ஹால்ஸ்ரெட், அக்காலச் சத்திரசிகிச்சை நிபுணருள் தலைசிறந்தவர். மார்பகப் புற்றுநோய் ஒரு புள்ளியிலே தொடங்கி, வேர் ஓடுவதுபோல் நாற்புறமும் படிப்படியாகப் பரவும் என அவர் கருதினார். ஆதலின் மார்பகத்தை மட்டுமன்றி, அதன் கீழுள்ள நெஞ்சுத் தசைகளையும் அக்குளிலுள்ள கணுக்களையும் சேர்த்து ஒரே திரளாக அகற்றவேண்டும் என்பது அவர் கண்ட விதி. 1894ஆம் ஆண்டில் ஐம்பது நோயாளர் பற்றிய அறிக்கையை அவர் வெளியிட்டார். ஐரோப்பிய வைத்தியசாலைகளிலே வெட்டிய இடத்திற் புற்று மீளத் தோன்றுவது பெருவழக்காயிருந்த அக்காலத்து, அவருடைய நோயாளருள் மூவர்க்கே அவ்வாறு தோன்றியது. உலகம் வியந்தது. அடுத்த எழுபது எண்பது ஆண்டுகள் அவ்விதியே கோலோச்சியது. எண்ணற்ற பெண்கள் நெஞ்சுத் தசையை இழந்து, கை வீங்கி, தோள் சாய்ந்து வாழ்ந்தனர்.

இங்கே நுணுகி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. ஹால்ஸ்ரெட் ஏமாற்றுக்காரர் அல்லர், பொறுப்பற்றவரும் அல்லர். அவரையும் ஏமாற்றியது கண்ணே. வெட்டிய இடத்திற் புற்று மீளவில்லை என்பது கண்ணுக்குத் தெரிந்தது. ஆயின் நோயாளி நெடுங்காலம் வாழ்ந்தாளா என்பது வேறு வினா. கத்தி படுவதற்கு முன்னரே குருதிவழியாகப் புற்றணுக்கள் உடலின் பிற பாகங்களை அடைந்திருப்பின், மார்பை எத்துணை ஆழமாக வெட்டினும் பயன் யாது? பறங்கிப் புண் ஆறியதைக் கண்டு ஊசியை நம்பிய வன்னிக் கமக்காரரும், வெட்டிய இடம் ஆறியதைக் கண்டு கத்தியை நம்பிய பேரறிஞரும் ஒரே அளவுகோலையே கையாண்டனர். முன்னவர்க்கு அது பொருந்தியது, பின்னவர்க்குப் பொருந்தவில்லை.

அவ்விதியை ஐயுற்ற வைத்தியர் இடையிடையே தோன்றினர். இலண்டனில் ஜெவ்றி கெயின்ஸ் 1920களிலேயே ரேடியம் ஊசிகளைப் பயன்படுத்தி மார்பகத்தைக் காக்க முயன்றார். ஆயினும் ஐயம் ஒன்றே உண்மையாகிவிடாது. அதனை எண்ணிக் காட்டியவர் பிற்ஸ்பேர்க் நகரத்துப் பேர்னாட் பிஷர். அவர் தலைமையில் 1971ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு தொடங்கியது. நோயாளர் குலுக்கல் முறையிலே பிரிக்கப்பட்டு, ஒரு சாரார்க்கு ஹால்ஸ்ரெட்டின் பெரிய சத்திரசிகிச்சையும் ஏனையோர்க்குச் சிறியனவும் செய்யப்பட்டன. ஆயிரத்து அறுநூற்றுக்கு மேற்பட்ட பெண்களின் வாழ்நாள் ஒப்பிடப்பட்டது. 1985ஆம் ஆண்டில் வெளியான பத்தாண்டு முடிவிலும், 2002ஆம் ஆண்டில் வெளியான இருபத்தைந்தாண்டு முடிவிலும், பெரிய வெட்டினால் வாழ்நாள் கூடவில்லை என்பது தெளிவாயிற்று.

1976ஆம் ஆண்டில் அவர் தொடங்கிய அடுத்த ஆய்வு இன்னும் ஒருபடி மேலே சென்றது. மார்பகம் முழுவதையும் எடுத்தவர்களும், கட்டியை மாத்திரம் எடுத்து மார்பகத்தைக் காத்துக்கொண்டவர்களும் இருபது ஆண்டு முடிவிலே ஒரே விகிதத்தில் உயிர்வாழ்ந்தனர். இத்தாலியின் மிலான் நகரிலே உம்பேர்ட்டோ வெரோனேசி 701 பெண்களிடையே நடத்திய ஆய்வும் அதே முடிவைத் தந்தது. ஆயின் பிஷரின் இவ்வாய்வு இன்னொன்றையும் காட்டிற்று. கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சுப் பெறாதவருள் நூற்றுக்கு முப்பத்தொன்பது பேர்க்கு அதே மார்பகத்திற் புற்று மீண்டது. கதிர்வீச்சுப் பெற்றவருள் நூற்றுக்குப் பதினான்கு பேர்க்கே மீண்டது. எனவே, 'வெட்டு சிறிதாகலாம்' என்று நோயாளிக்கு ஆறுதல் தந்த அதே ஆய்வு, 'கதிர்வீச்சைத் தவிர்க்காதே' என்றும் எச்சரித்தது. வைத்தியர் ஒருவர் இன்று கதிர்வீச்சைப் பரிந்துரைக்கும்போது, அவர் சொல்லின் பின்னே நிற்பது அவருடைய தனிப்பட்ட பெருமையன்று. தம் உடம்பை ஆய்வுக்கு ஒப்புவித்த அப்பெண்களின் கணக்கேயாகும்.

இம்மாற்றத்திலே நோயாளர்க்கும் பங்குண்டு. அக்காலத்து அமெரிக்காவிலே, கட்டியோடு வந்த பெண்ணை மயக்கி, ஒரு துண்டை எடுத்து ஆராய்ந்து, புற்றெனத் தெரியின் அவள் விழிக்குமுன்னரே மார்பகத்தை அகற்றிவிடுவது வழக்கம். படுக்கும்போது தனக்கு நோய் உண்டோ இல்லையோ என அறியாதவள், விழிக்கும்போது மார்பகம் இழந்திருப்பாள். 1974ஆம் ஆண்டிலே பத்திரிகையாளரான றோஸ் குஷ்னர் தம்மிடம் கட்டி கண்டபோது இம்முறைக்கு ஒப்ப மறுத்தார். பரிசோதனை வேறு, சிகிச்சை வேறு. இரண்டுக்கும் இடையே சிந்திக்க நாள் வேண்டும் என வாதிட்டு நூல் எழுதினார். 1979ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு அவ்விரு படி முறையையே ஏற்றது. அக்குழுவிலே குஷ்னரும் இடம்பெற்றார். அவர் வைத்தியத்தை மறுத்தவர் அல்லர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. அவர் சிகிச்சை பெற்றார். விளங்காமற் பெறுவதையே மறுத்தார்.

மறுதலையான பிழை

இவ்வரலாற்றை அரைகுறையாகக் கேட்பவர், 'பேரறிஞரே எண்பது ஆண்டு பிழைத்தனர். ஆதலின் வைத்தியர் சொல் நம்பத்தக்கதன்று' என முடிவு கட்டலாம். அஃது ஆபத்தான முடிவு. 1970களிலே அமெரிக்காவில், அப்பிரிக்கொட் பழவிதையினின்று எடுக்கப்பட்ட லேற்றில் என்னும் பொருள் புற்றைத் தீர்க்கும் என்ற நம்பிக்கை காட்டுத்தீயெனப் பரவியது. பல மாநிலங்கள் அதனைச் சட்டப்படி அனுமதித்தன. 1982ஆம் ஆண்டில் 178 நோயாளரிடையே செய்யப்பட்ட சோதனையின் முடிவு வெளியாயிற்று: எவரும் குணமடையவில்லை, சிலர் உடலிலே சயனைட் நஞ்சு ஆபத்தான அளவை அண்மியது. 2018ஆம் ஆண்டில் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர், குணப்படுத்தக்கூடிய நிலையிலிருந்தும் வழக்கமான சிகிச்சையை மறுத்து மாற்றுவழிகளையே நாடிய 281 பேரை, அச்சிகிச்சை பெற்ற 560 பேரோடு ஒப்பிட்டனர். மாற்றுவழி நாடியோர் இறக்கும் வாய்ப்பு இரண்டரை மடங்காக இருந்தது.

நோயாளர் விரும்பிக் கேட்பது தானும் எப்போதும் நன்மையாவதில்லை. 1990களிலே, அளவு கடந்த மருந்தைச் செலுத்திப் பின்னர் எலும்பு மச்சையை மீளச் செலுத்தும் கடுஞ்சிகிச்சை மார்பகப் புற்றுக்கு நல்லதெனப் பேசப்பட்டது. சான்று வருமுன்னரே அமெரிக்க நோயாளர் பலர் வழக்குத் தொடுத்தும் அதனைப் பெற்றனர். 1999ஆம் ஆண்டில் முறையான ஆய்வுகள் வெளிவந்தபோது, ஒன்றைத் தவிர ஏனையவை அதனாற் கூடுதற் பயன் இல்லை என்றன. பயனுண்டு என்ற அந்த ஒன்றும் தென்னாபிரிக்க ஆய்வாளர் ஒருவரின் மோசடி என்பது 2000ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. ஹால்ஸ்ரெட் காலத்துப் பிழை வைத்தியரின் உறுதியிற் பிறந்தது. இந்தப் பிழை வைத்தியர், நோயாளர் ஆகிய இரு சாராரின் ஆவலிற் பிறந்தது. இரண்டையும் திருத்தியது ஒன்றே: பொறுமையோடு எண்ணிப் பார்த்த ஒப்பீடு.

கத்தி பட்டாற் புற்றுப் பரவும் என நம்மூரிற் கூறப்படுவதும் இவ்வகையான கண்காட்சிப் பிழையே. நோய் முற்றியபின் வைத்தியசாலைக்குச் சென்றவர், கத்தி பட்டபின் விரைவில் இறந்ததை ஊரார் கண்டனர். முந்தியது பிந்தியதற்குக் காரணம் என எண்ணினர். காலந்தாழ்த்தியதே காரணம் என்பது கண்ணுக்குத் தெரியவில்லை. துண்டெடுத்து நுணுக்குக்காட்டியின் கீழ் ஆராயாமல் பெரும்பாலான புற்றுகளை இன்ன வகையென உறுதிசெய்ய இயலாது. வகை தெரியாமற் செய்யும் சிகிச்சை இருட்டில் எறிந்த கல்லாகும். வாய்ப்புற்றோ நேரத்தோடு கண்டுகொண்டாற் பெரும்பாலும் குணப்படுத்தத்தக்கது. பாக்கு மெல்லுதல் தனித்தும் புற்றை உண்டாக்கும் என 2004ஆம் ஆண்டில் அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் உறுதிப்படுத்தியது. வெற்றிலைத் தட்டம் விருந்தோம்பலின் அடையாளமாகிய வன்னியிலே இதன் முதன்மை சொல்லாமலே விளங்கும்.

புற்றென்றால் இறப்பு என்ற எண்ணமும் நோயாளரைத் தடுத்தது. தமிழகத்திலே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1923ஆம் ஆண்டிலே தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். புற்றுநோய்க்கெனத் தனி வைத்தியசாலை எதற்கு என்ற அலட்சியத்தினிடையே நெடுங்காலம் உழைத்து, 1954ஆம் ஆண்டில் அடையாற்றிலே பன்னிரண்டு படுக்கைகளோடு புற்றுநோய் நிலையத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அங்கே சேர்ந்த டாக்டர் வி. சாந்தா, 2021ஆம் ஆண்டிலே மறையும்வரை அதனோடேயே வாழ்ந்தார். அச்சத்தைப் போக்கியது அறிவுரை மட்டுமன்று. நலம்பெற்று ஊர் திரும்பியோரின் தொகையுமாகும்.

உசாவித் துணிதல்

இனி, இவ்வரலாற்றினின்று துணுக்காய்க் கமக்காரர்க்குக் கிடைக்கும் நெறி யாது? வைத்தியர் சொல்வதைக் கண்மூடி ஏற்பதும் கண்மூடி மறுப்பதும் ஒன்றே. இரண்டிலும் கண் மூடியே இருக்கின்றது. நம்பிக்கை என்பது கேள்விக்குப் பின் வருவது. கேட்கத்தக்க கேள்விகள் சிலவே. நோய் இன்ன வகையென்பது துண்டெடுத்து ஆராய்ந்து உறுதியாயிற்றா? எந்நிலையில் உளது? இச்சிகிச்சையின் நோக்கம் நோயை ஒழிப்பதா, வாழ்நாளை நீட்டுவதா, வலியைத் தணிப்பதா? இதனைப் பெற்ற நூறு பேரில் எத்தனை பேர் பயனடைந்தனர்? பெறாவிடின் என்ன நேரும்? இதனால் உடம்பு இழப்பது யாது? வேறு வழி உண்டா? இவ்வினாக்களுக்கு முகஞ்சுளிக்காது விடை கூறுபவர், தெரியாததைத் தெரியாதென ஒப்புபவர், இன்னொரு நிபுணரின் கருத்தையும் கேட்டு வருக என அனுப்பத் தயங்காதவர் நம்பத்தக்க வைத்தியர். முழுக் குணம் உறுதி என்று முதல்நாளே வாக்களிப்பவரும், மற்றெல்லாச் சிகிச்சையையும் கைவிட்டு வா என அழைப்பவரும் எந்த வைத்தியத்தைச் சார்ந்தோராயினும் ஐயுறத்தக்கோர்.

இரண்டாம் கருத்துக் கேட்பது வைத்தியரை அவமதிப்பதாகும் என்ற எண்ணம் நம்மிடையே உண்டு. அதற்கு நியாயமில்லை. சத்திரசிகிச்சை நிபுணர், கதிர்வீச்சு நிபுணர், மருந்து நிபுணர் ஆகியோர் கூடி ஆராய்ந்தே முடிவு செய்வது இன்று சிறந்த வைத்தியசாலைகளின் வழக்கம். தமக்குள்ளே கருத்துக் கேட்டுக்கொள்வோர் நோயாளி கேட்பதற்கு நாணவேண்டியதில்லை. ஆயின் கேட்பதற்கும் எல்லை வேண்டும். குருதிப்புற்றின் சில கடுமையான வகைகளில் ஒரு நாளும் தாமதித்தல் ஆகாது. ஏனைய பெரும்பாலானவற்றிலே ஓரிரு கிழமை உசாவுதற்குச் செலவாவதால் தீங்கில்லை; மாதங்கள் செலவானால் தீங்குண்டு. அவ்வளவையும் வைத்தியரிடமே கேட்டறிதல் நன்று.

சட்டமும் இந்நெறியை நோக்கியே நகர்ந்துள்ளது. 1914ஆம் ஆண்டிலே நியூயோர்க் நீதிபதி கார்டோசோ, தன் உடம்பில் என்ன செய்யப்படவேண்டும் எனத் தீர்மானிக்கும் உரிமை நல்லறிவுடைய ஒவ்வொருவர்க்கும் உண்டெனத் தீர்ப்பிற் கூறினார். 2008ஆம் ஆண்டில் இந்திய உச்ச நீதிமன்றம், பரிசோதனைக்கு மட்டும் ஒப்பிய பெண்ணொருத்தியின் கருப்பையை மயக்கநிலையில் அகற்றியது ஒப்புதலின்றிச் செய்ததே எனக் கண்டது. தாயார் ஒப்பியதும் அவள் ஒப்பியதாகாது என்றது.

ஈற்றிலே கூறிய இது நம் குடும்பங்களுக்கு நேரே பொருந்துவது. நோயின் பெயரை நோயாளிக்குச் சொல்லாது மறைத்தல் நம்மவர் அன்பின் வடிவமாகக் கருதுவது. தந்தையாரின் அறிக்கையை மகன் படிப்பான். வைத்தியரோடு மகன் பேசுவான். முடிவையும் மகனே எடுப்பான். தந்தையார்க்கோ 'வாயிலே புண்' என்ற அளவே கூறப்படும். அன்பு உண்மையே. ஆயின் கேள்வி கேட்கவேண்டியவரின் வாய் அதனால் அடைக்கப்படுகின்றது. கடுஞ்சிகிச்சையை எதற்காகத் தாங்குகின்றோம் என அறியாதவர், இடைநடுவே அதனைக் கைவிடவும் கூடும். குறள் முதற்கண் வைத்தவரைக் குடும்பம் கடைசியில் வைத்தல் முறையன்று. அறிய விரும்பாதவரை வலிந்து அறிவித்தலும் வேண்டா. அறிய விரும்புகின்றீரோ என ஒருமுறையேனும் வினவுதல் வேண்டும்.

துணுக்காயினின்று சிகிச்சைக்குச் செல்லும் வழி முன்னளவு நீண்டதன்று. வடபகுதி நோயாளர் பலர் தென்னிலங்கையின் மகரகமைக்குச் சென்று, தமக்கு முற்றும் பழகாத மொழிச் சூழலிலே தங்கிச் சிகிச்சை பெற்ற காலம் ஒன்றிருந்தது. 2008ஆம் ஆண்டின் போரிலே மல்லாவி, துணுக்காய் மக்கள் இடம்பெயர்ந்தபோது வைத்தியசாலையும் அவர்களோடு இடம்பெயர்ந்தது. மருந்துக் குறிப்புகளும் அறிக்கைகளும் அழிந்தன. அப்போரின்பின் 2011ஆம் ஆண்டிலே தெற்கிலே தெவிநுவரையிலிருந்து வடக்கிலே பருத்தித்துறைவரை பலர் கால்நடையாக நடந்து திரட்டிய நிதி, தெல்லிப்பழையிலே புற்றுநோய் வைத்தியசாலை எழ உதவியது. இன்று வன்னி நோயாளி தன் மொழியிலே தன் நோயைக் கேட்டறியக்கூடிய இடம் ஒருநாட் பயணத்துள் இருக்கின்றது. கிறீன் மானிப்பாயிலே தொடங்கிய பணி வேறொரு வடிவில் நிறைவேற வாய்ப்புண்டாயிற்று.

அவ்வாய்ப்பைப் பயன்படுத்துவதற்குக் கற்றோரின் துணை வேண்டும். அறிக்கையை வாசித்துக் கூறவும், கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொடுக்கவும், நோயாளியோடு உடன்சென்று வைத்தியரின் விடையைக் குறித்துவரவும் ஊரிலுள்ள ஆசிரியராலும் உயர்வகுப்பு மாணாக்கராலும் இயலும். குறள் கூறிய நான்காம் கூறாகிய உடனிருந்து பேணுவோனின் கடமை கஞ்சி வைத்தலோடு முடிவதன்று. கேட்டு விளங்கி விளக்குதலும் அதில் அடங்கும். அவ்வாறு விளங்கியபின், வெட்டுக என அக்கமக்காரர் ஒப்பினும், வேண்டா என மறுப்பினும் அஃது அவருடைய துணிபாகும். விளங்காமல் நிகழ்வதோ எவருடைய துணிபும் அன்று.